பன்னிரண்டாம் படி

ஜனவரி 9

அன்புள்ள பாப்பா,

ஏரி வைத்திருப்பவர்களும், அந்த ஏரியில் குழாய் போடக் கேட்பவர்களும் ஒரே கூட்டணியில் எப்படி உட்கார முடியும்? மூன்று நாளாக இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. கல்லூரியில் இருபத்துமூன்று வருடமாகக் கூட்டணி ஆட்சியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் இப்படிச் சொல்வது வெட்கக்கேடு. அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

முறைப்படி முதலில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி, அதைச் சொல்லிக் காட்டும் தெம்பு மட்டும் குறையவில்லை.

செய்தியில் பார்த்திருப்பாய். ஐந்து வட்டாரக் கட்சிகளும் சேர்ந்தால் நாடாளுமன்றத்தின் இருநூற்று ஒன்றில் நூற்று மூன்று இடம் வருகிறது. இத்தனை வருடமாகத் தலைநகரின் இரண்டு பெரிய கட்சிகளில் எது விரலை அசைத்தாலும் ஓடிப்போய் முட்டுக்கொடுத்து, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்கள் இவர்கள். இப்போது ஜூன் கூட்டத்தொடரில் அரசைக் கவிழ்த்துவிட்டுத் தாங்களே ஆளப்போகிறார்களாம். அதற்கு முன் பொதுச் செயல்திட்டம் ஒன்று எழுதி ஐந்து தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் ஏரிக் கட்சியின் தலைவர், ஊரே படகுக்காரர் என்று கூப்பிடுகிற அதே மனிதர், வீட்டுக்கு வந்து என்னை எழுதும் குழுவில் சேரச் சொன்னார். "நீங்க படிச்சவங்க. அதிகம் பேசவும் மாட்டீங்க. அதுதான் வேணும்" என்றார். இரண்டாவது தகுதிக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தும் சம்மதித்தேன்.

உங்கள் சமவெளிக் கட்சியும் இதில் இருக்கிறது. நீ அதன் நகரக் குழுச் செயலாளர். நான்கு வருடத்துக்கு முன் குழாய் விஷயமாகப் போனில் ஆரம்பித்து, எட்டு மாதம் பேசாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் பற்றிக் கடிதத்தில் மட்டும் என்று அன்று போட்ட ஒப்பந்தம் இப்போதும் இருக்கட்டும். கடிதத்தில் கோபம் வந்தால், தபால் பெட்டிவரை நடப்பதற்குள் கொஞ்சமாவது ஆறும்.

மாப்பிள்ளையைப் பற்றி எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவைக் குளிரில் வெளியே வரவேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்கமாட்டாள், நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் கேள்விக்குப் பதில் சுலபம். எங்களுக்குத் தாகம். யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காருவோம்.

நீ பாடம் நடத்துகிறாய், நான் பட்டியல் போடுகிறேன். நகராட்சியில் என் வேலை அவ்வளவுதான். நாற்பத்தொரு தெரு, ஒன்பது தண்ணீர் லாரி. அதில் இரண்டு எப்போதும் பழுது. எந்த லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று காலை எட்டு மணிக்குள் எழுதி ஒட்ட வேண்டும். எட்டு ஐந்துக்கு ஜன்னலில் சத்தம் ஆரம்பிக்கும். நேற்று ஒரு பெண் காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "இத நீங்களே வெச்சுக்கங்க. எங்க வீட்ல இதுக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் இந்த ஊர் பத்து வருடமாகக் குடிக்கிறது.

எங்கள் தலைவர் டாக்டரம்மாவை உனக்குத் தெரியும். கட்சிக்கு வருவதற்கு முன் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். குழாய் இல்லையென்றால் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். உங்கள் ஆள் துடுப்போடு வந்தால் எங்கள் ஆள் ஊசியோடு வருவார். பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
பாப்பா

*

பிப்ரவரி 14

அன்புள்ள பாப்பா,

தலைநகரிலிருந்து நேற்றுத் திரும்பினேன். சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. நீ எழுதிய 'எல்லோரும் சௌக்கியம்' என்பதில் மாப்பிள்ளையும் சேர்த்தியா?

மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறை. ஐந்து கட்சிக்கு இரண்டிரண்டு பேர். முதல் நாள் முழுக்க யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று பேசினோம். கடைசியில் கோபித்துக்கொண்டு எழுந்தவர்கள் திரும்பி வந்தபோது கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், விஷயம் முடிந்தது. எழுத்து வேலைக்கு என்று கூட்டணி ஒரு வக்கீலை வைத்திருக்கிறது. தலைநகர்க்காரர். சட்டைப் பையில் மூன்று பேனா.

பிறகு ஏரி விஷயம் வந்தது. "ஏரி நீர் குறித்துப் பின்னர் நல்லெண்ணத்துடன் பேசப்படும்" என்று வக்கீல் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். எல்லோருக்கும் நிம்மதி. நான்தான் கெடுத்தேன். என் மாணவர் யாராவது விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன் என்றேன். தண்ணீர் தருவதென்றால் எப்போது, எவ்வளவு என்று எண்ணால் எழுதுங்கள். தரமாட்டோம் என்றால் அதையும் எழுதுங்கள்.

பிறகு நானே ஓர் எண் சொன்னேன். பன்னிரண்டு.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. வக்கீலுக்கு விளக்கினேன். ஏரிக்கரையில் மொத்தம் முப்பது படி. காலை ஆறு மணிக்கு ஏரி அலுவலகத்து ஆள் மேலிருந்து எத்தனை படி காய்ந்திருக்கிறது என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதுவார். எண் சிறியதாக இருந்தால் ஏரி நிறைந்திருக்கிறது. எண் ஏற ஏற ஏரி இறங்குகிறது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். நான் எழுதிக்கொடுத்த வாக்கியம் இது: "கரைப் பலகையின் எண் பன்னிரண்டோ அதற்குக் கீழோ இருக்கும் நாட்களில் மட்டும் குழாயின் மதகு திறக்கப்படும்."

ஒரு சொட்டும் தரக்கூடாது என்கிற என் கட்சிக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து மாதம் மதகு மூடியிருக்கும் என்பதால் உன் கட்சிக்கும் பிடிக்காது. இருவருக்கும் பிடிக்கவில்லையென்றால் எண் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். சளிக்கு மருந்து சாப்பிடு, சும்மா இருக்காதே.

மூடியிருக்கும் ஐந்து மாதம் எது என்று யோசித்தாயா? இங்கே லாரிக்கும் தண்ணீர் கிடைக்காத அதே ஐந்து மாதம். மழை பெய்யும்போது குடை கொடுக்காமல் வெயில் வந்ததும் கொடுப்பதுபோல் இருக்கிறது உன் தாராளம். நீ நியாயமாகத்தான் எழுதியிருப்பாய். உன் நியாயத்தில் எப்போதும் உனக்கு ஏற்றபடி ஒரு படி கூட இருக்கும்.

கோபமில்லை. கொஞ்ச நாளாக லீவில் இருக்கிறேன். வீட்டு வேலை.

பாப்பா

*

மார்ச் 30

அன்புள்ள பாப்பா,

இருவரும் நலம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இப்போது வீட்டில் தூசி அதிகமாம்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன வாரம் படகுக்காரர் கட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். டீ வந்தது, ஆகவே கெட்ட செய்தி என்று தெரிந்துகொண்டேன். நான் எண் எண்ணென்று பிடிவாதம் பிடிப்பதால் ஐவரும் அசையமுடியாமல் நிற்கிறார்களாம். மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் கல்லூரியைக் கவனியுங்கள் என்றார். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். அது அப்படியே இருக்கும், டாக்டரம்மாவே ஒத்துக்கொண்டாகிவிட்டது, வக்கீல் தமிழை மட்டும் கொஞ்சம் செப்பனிடுவார் என்றார். என் தமிழுக்கு இருபத்துமூன்று வருடத்தில் வராத பழுது.

வருத்தமில்லை. நான் சொன்ன எண் உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். இதற்கு எதிர்மாறாக ஆகியிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் போன கடிதம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. முன்பக்கத்தை நான் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். மருந்தின் பெயர்கள் எனக்குப் புரியவில்லை. யாருக்கு அது?

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள பாப்பா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. "எழுதலன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். கஷ்டம்னா ரெண்டு பக்கம் எழுதுவா" என்கிறாள் அம்மா. சின்ன வயதில் நீ அப்படித்தான் இருந்தாய். இப்போது அது உண்மை என்று நான் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை, அதனால்தான் தினமும் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். லாரி அலுவலகத்தில் படுக்கை கிடையாது.

நீயாகச் சொல்லும்வரை கேட்பதில்லை என்று இருந்தேன். அப்படி இருப்பது மரியாதை என்று நினைத்தேன். ஒருவேளை என் சௌகரியமாகவும் இருக்கலாம். மாப்பிள்ளைக்கு என்ன?

உன் அக்கா

*

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம் என்று எழுத வந்த கையை நிறுத்திவிட்டேன்.

ஜனவரியிலிருந்தே அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். பஸ் டிப்போ வேலையை விட்டாகிவிட்டது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன அன்றே நீ ஏரியைப் பற்றி என்னோடு மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம்.

அந்த இயந்திரம் மருந்தால் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். தண்ணீரால் ஓடுகிறது அக்கா. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குக் குடம் குடமாக வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர். காலையில் முதல் லாரியை நானே ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன். லாரி நிரப்பும் கிணறே வற்றிவிட்டால் என் பட்டியல் வெறும் காகிதம். போன மாதம் இரண்டு தடவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அன்று வந்திருந்த பதினான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி.

ஏப்ரல் 24 அன்று செயல்திட்டத்தின் கடைசி வடிவம் எங்கள் நகரக் குழுவுக்கு வந்தது. ஒன்பதாம் பக்கம். "கரைப் பலகையின் எண் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும் நாட்களில் மதகு திறக்கப்படும்." மேல் என்று போட்டிருக்கிறது. அந்தக் கூட்டணி வக்கீல் நீ தப்பாக எழுதிவிட்டாய் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். தண்ணீர் குறையும்போது யாராவது மதகைத் திறப்பார்களா என்று அவர் யோசித்திருப்பார். காய்ந்த படியை எண்ணுகிற ஊர் அது என்பதை மறந்துவிட்டார். படகுக்காரர் படித்திருக்கமாட்டார். படிக்கிற ஆளைத்தான் அவர் எடுத்துவிட்டாரே.

எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அந்தப் பலகையைப் பார்த்துத்தானே பள்ளிக்கூடம் போனோம்.

நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாள்.

அந்தத் தப்பு அப்படியே இருந்தால், வறண்ட ஐந்து மாதமும் எங்களுக்குத் தண்ணீர் வரும். உங்கள் ஏரி இரண்டு கோடை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பிறகு சேறு. இரண்டு கோடை எனக்குப் போதும் என்று தோன்றியது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. பத்தொன்பது நாளும் நன்றாகத் தூங்கினேன்.

இருபதாம் நாள் அவரிடம் சொன்னேன். கையில் ஊசி, மேலே பை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாத்தி மாட்டின பஸ்ஸு டிப்போவ விட்டுப் போகுது. நீ கேட்ல நிக்கற. நமக்குப் பிடிச்ச ஊருக்குத்தான போகுதுன்னு கைகாட்டி அனுப்புவியா?" என்று கேட்டார். அப்புறம் தூங்கிவிட்டார். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "எழுதினது கூட்டணி வக்கீல். கையெழுத்துப் போடப்போறது அவங்க தலைவர். நாம எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்றார். வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "உனக்காகவும்தான் சொல்றேன்" என்றார்.

எனக்காக என்று சொல்ல அவர் யார்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். உங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்காத நேரம் பார்த்து எடுத்துக்கொள்ளமாட்டேன்.

எனக்கு நன்றி சொல்லாதே. சொன்னால் போனில் கூப்பிட்டுச் சண்டை போடுவேன்.

பாப்பா

*

மே 19

அன்புள்ள பாப்பா,

நன்றி சொல்லவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். வேண்டாம் என்று எழுதினாலும் அந்தக் கடிதம் எனக்குக் கிடைப்பதற்குள் கிளம்பியிருப்பேன்.

படகுக்காரரைப் பார்த்துவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தை மூன்று தடவை வாசித்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உடனே தலைநகருக்குப் போன் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "இப்ப இதக் கிளப்பினா டாக்டரம்மா பேச்சை முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. ஜூன் போயிடும். ஒரே ஒரு சொல்தானே. ஆட்சி வரட்டும், திருத்திக்கலாம்" என்றார். நீர்வளத் துறை எங்கள் கட்சிக்கு என்று பேச்சு இருப்பது நினைவுக்கு வந்தது. கையெழுத்தான வாசகத்தை ஆட்சிக்கு வந்தபிறகு திருத்திய கூட்டணியை நான் எந்த நாட்டுப் பாடத்திலும் நடத்தியதில்லை என்றேன். "பாடம் வேற, நடப்பு வேறம்மா" என்றார்.

கையெழுத்துக்கு முன் மண்டபத்தில் ஒவ்வொரு கட்சியின் ஆளும் தங்கள் பகுதிக்குரிய பக்கத்தை வாசிக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதாம். வெளியே வந்து யாரிடமாவது பேசிவிடுவேனோ என்ற பயத்திலோ என்னவோ, எங்கள் பக்கத்தை வாசிக்கும் மரியாதையை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒரு வரி சேர்க்கப்போகிறேன். எண் என்னவாக இருந்தாலும், எந்த மாதமானாலும், ஆஸ்பத்திரிகளுக்கான தண்ணீர் நிற்கக்கூடாது. எவ்வளவு வேண்டும்? உன்னிடம்தான் கணக்கு இருக்கும்.

உன் அக்கா

*

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போனபிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. அவர் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அம்மா சொன்னபடி தலையணையை மாற்றிப் போட்டோம் என்று சொல், சந்தோஷப்படுவாள்.

என்னை நகரக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொல்லவில்லை, கூட்டத்துக்குப் போனேன், என் நாற்காலி இல்லை. சரி என்று வாசல் பக்கம் நின்றபடியே கூட்டம் முழுவதும் கேட்டேன். ஒருவர் உட்காரச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். நம் வீட்டில் இரண்டு பேரையும் குழுவிலிருந்து எடுத்தாகிவிட்டது. அம்மாவை மட்டும் எந்தக் கட்சியும் எடுக்கமுடியாது.

நீ கேட்ட கணக்கு. சமவெளியில் இந்த இயந்திரம் உள்ள ஆஸ்பத்திரி நான்கு. நாலு இடத்துக்கும் நானே போன் போட்டுக் கேட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினோரு லாரித் தண்ணீர். ஏரியின் பரப்பை ஏரி அலுவலகப் புத்தகத்திலிருந்து நீ அனுப்பியதை வைத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு வருடம் முழுக்க எடுத்தாலும் ஏரி ஒரு விரல் அகலம்கூட இறங்காது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். யாராவது மறுத்தால் அவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்.

பரிதாபப்பட்டு அந்த வரியை எழுதாதே. அப்படி எழுதினால் குரலில் தெரிந்துவிடும். இது தர்மம் இல்லை, பதினோரு லாரி. அப்படியே வாசி.

பாப்பா

*

ஜூன் 16, பிற்பகல்

அன்புள்ள பாப்பா,

தலைநகரில் விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி நாள். லாரி நேரத்துக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. படகுக்காரர் மதியம் வந்து அச்சிட்ட பிரதியைக் கொடுத்தார். "அச்சுல இருக்கறத வாசிங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது" என்றார். சரியாக வாசிப்பேன் என்றேன். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் பத்திரிகைக்கு என் பெயர் போய்விட்டது, மாற்றமுடியாது.

உன் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டேன். வாசகத்தில் 'பன்னிரண்டுக்கு மேல்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு 'பன்னிரண்டு அல்லது அதற்குக் கீழ்' என்று எழுதினேன். அதன் கீழே ஆஸ்பத்திரி வரியை எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் கோணியிருக்கிறது. விடுதி மேஜை ஆடுகிறது, நான் இல்லை.

இந்த ஐந்து பேரும் ஒன்றாக நிற்பார்கள் என்று நான் ஜனவரியில் நம்பவில்லை, இப்போதும் முழுக்க நம்பவில்லை. ஆனால் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாளை நான் வாசிப்பதால் கூட்டணி உடைந்தால், தலைநகரின் பெரிய கட்சிகள் சிரிக்கும். ஏரிக்காரியால் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். தலைகீழான எண்ணின்மேல் கட்டினால் இரண்டாவது கோடையில் ஏரி போகும், மூன்றாவது கோடையில் உங்கள் குழாயும் காற்றுதான் விடும். நான் வாயை மூடிக்கொள்வதால்தான் இது நிற்கும் என்றால் அது நிற்கத் தேவையில்லை.

நாளை முடிந்ததும் மீதியை எழுதித் தபாலில் போடுகிறேன்.

ஜூன் 17, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் பக்கத்தை வாசித்தேன். "பன்னிரண்டு அல்லது அதற்குக் கீழ்" என்றதும் வக்கீல் தன் மைக்கை இழுத்து, அச்சில் 'மேல்' என்று இருப்பதாகச் சொன்னார். அச்சில் இருப்பது தவறு, எங்கள் ஊரில் காய்ந்த படியைத்தான் எண்ணுவோம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். படகுக்காரர் கையை நீட்டி என் மைக்கை அணைத்தார்.

"உக்காருங்க."

"இன்னும் ஒரு வரி இருக்குங்க."

மைக் இல்லாமலே வாசித்தேன். அறுபது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் இது. பதினோரு லாரி, ஒரு விரல் அகலம், எல்லாவற்றையும் வாசித்தேன். பரிதாபம் எங்கும் ஒட்டவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு டாக்டரம்மா எழுந்தார். "பன்னெண்டு விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார், அத்தனை பேர் முன்னால். "ரெண்டாவது வரி தெரியாது. அதைத் திரும்ப வாசிங்க."

வாசித்தேன்.

"பதினோரு லாரின்னு கணக்குப் போட்டது யாரு?"

"நீங்க நாற்காலிய எடுத்தீங்களே, அவங்கதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நடந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். நான் திருத்தியிருந்த இடத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். உன் வகுத்தல் தாளையும் கேட்டு வாங்கி, நின்றபடியே ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தார். பிறகு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். படகுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஏரிய எழுதிக் குடுத்துட்டீங்க" என்றார் என்னைப் பார்த்து. ஒரு விரல் அகலம் என்றேன். நான்கு கையெழுத்துப் போட்ட தாளும், வரிசையாகக் கேமராக்களும் அவர் முன்னால் இருந்தன. தாள் கிழிந்துவிடும்போல அழுத்திப் போட்டார். அதன்பின் வக்கீல் என் தாளைப் பார்த்து ஐந்து பிரதியிலும் கையாலேயே திருத்த, ஐவரும் அவற்றிலும் கையெழுத்துப் போட்டார்கள், என் தாள் என்னிடமே திரும்பி வந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு மணிக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்.

உன் நாற்காலியைப் பற்றி டாக்டரம்மாவிடம் வாசலில் கேட்டேன். காரில் ஏறிவிட்டார். குழாய் போட்டு முடிக்க இரண்டு வருடமாவது ஆகும் என்று பொறியாளர் ஒருவர் சொன்னார். அதுவரை உன் பட்டியல்தான்.

நான்கு மணிக்கு எங்கள் கட்சி ஓர் அறிக்கை விட்டது. அச்சில் இல்லாததை வாசித்ததற்காக என்னை அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் நீக்கியிருக்கிறது. அதே அறிக்கையின் அடுத்த பத்தியில், ஏரியைக் காத்த வாசகத்துக்காகத் தலைவருக்குப் பாராட்டு இருக்கிறது.

ஐந்து மணிக்குக் கட்சி ஆள் ஒருவர் விடுதிக்கு வந்தார். வாசிப்பதற்குக் கொடுத்த பிரதியைத் திருப்பித் தர வேண்டுமாம், கட்சியின் சொத்தாம். தரமாட்டேன் என்று கதவருகிலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அதை இந்தக் கடிதத்தோடு வைத்து உனக்கு அனுப்புகிறேன். ஒன்பதாம் பக்கத்தை மட்டும் பார். ஐந்து கையெழுத்து இருக்கிறது.

உன் அக்கா